கட்டுப்போட்ட படமும் காணாமற்போன நகராட்சியும்

சோழர் கல்வெட்டுகளை வாசித்துப் பழகியவர்கள் ஒன்றை அறிவார்கள். கல்வெட்டின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி வரும். மன்னன் வென்ற நாடுகள், கொண்ட பொருள், வீற்றிருந்த அரியணை, உடனிருந்த தேவி என்று அது முழங்கிச் செல்லும். அது முடிந்த பிறகே விஷயம் வரும். எந்த ஊர்ச் சபை கூடியது, எந்த நிலத்துக்கு எவை எல்லை, எந்த வாய்க்காலில் எவருக்கு உரிமை, எந்த இறை நீக்கப்பட்டது என்பவையெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆட்சியாண்டைக் கணக்கிட மெய்க்கீர்த்தி பயன்படும். ஊரின் வரலாறு அதற்குக் கீழேதான் கிடக்கிறது. நம் காலத்தில் எழுதப்படும் தொகுதி வரலாறுகளில் மெய்க்கீர்த்தி மட்டும் பத்திரமாக மிஞ்சியிருக்கிறது. கீழே இருந்த பகுதி பொரிந்து உதிர்ந்துவிட்டது. உதிர்ந்தது குறித்து எவருக்கும் வருத்தமில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

பரங்கிமலையை எடுத்துக்கொள்வோம். சென்னையின் தெற்குப் புறநகர். சட்டமன்றத் தொகுதியாக 1967, 1971 தேர்தல்களில் பரங்கிமலை என்ற பெயரிலும் 1977 முதல் ஆலந்தூர் என்ற பெயரிலும் அறியப்பட்டது. தேர்தல் நெருங்கும்போதெல்லாம் பத்திரிகைகளில் 'தொகுதி அறிமுகம்' என்று ஒரு பத்தி வரும். எந்தப் பத்திரிகையானாலும் வாசகம் ஏறத்தாழ ஒன்றே. எம்.ஜி.ஆர். சுடப்பட்டார், கழுத்தில் கட்டோடு இருந்த படம் சுவரொட்டியானது, மக்கள் கண்ணீர் விட்டு வாக்களித்தார்கள், அன்றிலிருந்து இது நட்சத்திரத் தொகுதி. பத்திரிகைகளையாவது மன்னிக்கலாம், அவற்றுக்கு இடம் குறைவு. சிற்றிதழ் வாசித்துத் தேர்ந்த நண்பர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்; கூடுதலாக உதட்டோரத்தில் ஒரு சுழிப்பு மட்டும் இருக்கும். 'படத்துக்கு ஓட்டுப் போட்ட ஊர்தானே' என்ற சுழிப்பு அது. பத்திரிகையாளர் அதையே தலபுராணமாகப் பாடுகிறார், இலக்கிய நண்பர் வசையாகச் சொல்கிறார். இருவரும் நம்புவது ஒரே கதையை.

அந்தக் கதையைச் சற்று உரசிப் பார்ப்போம். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். அடுத்த மாதம் தேர்தல். கட்டுப்போட்ட படம் ஊரெங்கும் ஒட்டப்பட்டது. எம்.ஜி.ஆர். காங்கிரஸ் வேட்பாளர் ரகுபதியை 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். இவை உண்மைகள். ஆனால் அதே தேர்தலில் பக்கத்திலிருந்த ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலமே தோற்றார். அவரை வென்ற ராஜரத்தினத்தின் கழுத்தில் எந்தக் கட்டும் இல்லை. விருதுநகரில் காமராஜரை வென்ற சீனிவாசன் மாணவர் தலைவராக அறியப்பட்ட இளைஞர், அவர் எந்தப் படத்திலும் வாள் சுழற்றியவர் அல்லர். தி.மு.க. அந்த ஆண்டு 137 இடங்களில் வென்றது. அரிசித் தட்டுப்பாடு, 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டம், அதை அன்றைய அரசு எதிர்கொண்ட விதம், பல கட்சிகளை ஒன்றிணைத்த கூட்டணி, ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதி எல்லாம் சேர்ந்து உருவாக்கிய அலை அது. ஸ்ரீபெரும்புதூர்க்காரர் வாக்களித்தால் அது அரசியல் கோபம், அடுத்த தொகுதியான பரங்கிமலைக்காரர் வாக்களித்தால் அது சினிமா மயக்கம் என்று பிரிக்க எந்த அளவுகோல் இருக்கிறது? படம் வித்தியாசத்தைப் பெருக்கியிருக்கலாம். வெற்றியை அது படைத்தது என்று சொல்பவர்கள் பக்கத்து ஊர் முடிவைப் படிக்கவில்லை.

படத்துக்குத்தான் வாக்கு என்றால் அதைச் சோதித்துப் பார்க்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்தது. 1984 டிசம்பர் தேர்தல். எம்.ஜி.ஆர். நியூயார்க் நகரின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். அவர் மருத்துவமனையில் இருக்கும் காட்சிகள் படமாக்கப்பட்டுத் தமிழகமெங்கும் திரையிடப்பட்டன. 1967இல் அசையாத படம், 1984இல் அசையும் படம். கூடவே இந்திரா காந்தி படுகொலை ஏற்படுத்திய துயரமும் இருந்தது. அ.தி.மு.க. - காங்கிரஸ் கூட்டணி மாநிலத்தை வாரிச் சுருட்டியது, தி.மு.க.வுக்குக் கிடைத்தவை வெறும் 24 இடங்கள். அந்த இருபத்து நான்கில் ஒன்று ஆலந்தூர். கட்டுப்போட்ட படத்துக்கு மயங்கியதாகச் சொல்லப்படும் அதே ஊர், மாநிலமே நெகிழ்ந்து நின்ற வேளையில் தி.மு.க.வின் ஆபிரகாமைத் தேர்ந்தெடுத்தது. தொகுதி அறிமுகப் பத்திகளில் இந்தத் தகவல் ஓர் அட்டவணையின் நான்காவது வரிசையில் கிடக்கும். அதைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இருக்காது. கதைக்கு ஒத்துவராத செய்திக்கு அட்டவணைதான் இடம்.

தொகுதிகளை வகைப்படுத்துவோர் வைத்திருக்கும் இன்னொரு முத்திரை, 'ஆளும் கட்சியோடு போகும் தொகுதி' என்பது. 1967 முதல் 2021 வரை பதின்மூன்று பொதுத்தேர்தல்கள். பதினொன்றில் ஆலந்தூர் (அல்லது பரங்கிமலை) தேர்ந்தெடுத்தவர் ஆட்சியமைத்த கட்சியையோ அதன் தேர்தல் கூட்டணியையோ சேர்ந்தவர்தாம். காற்று வீசும் பக்கம் சாயும் நாணல் என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு விலக்குகள் எவை? 1984, 2016. ஐந்தாண்டுக் காலம் ஆண்ட கட்சி மறுபடியும் ஆட்சிக்கு வருவது தமிழகத்தில் 1984க்குப் பிறகு 2016இல்தான் நிகழ்ந்தது என்பதை நினைவில் கொண்டால் இந்த இரு ஆண்டுகளும் வேறு பொருள் கொள்கின்றன. மாநிலம் ஆளும் கட்சியை மன்னித்த அந்த இரண்டு தேர்தல்களிலும் ஆலந்தூர் மன்னிக்கவில்லை. நாணலுக்கு இந்தக் குணம் கிடையாது. சென்னையும் அதன் சுற்றுப்புறமும் தி.மு.க.வின் பழைய பலம் என்பது இதற்கு ஒரு விளக்கமாகலாம். அப்படியானால் அது அமைப்பின் பலம், கிளைக்கழகங்களின் பலம்; சினிமா மயக்கம் என்ற வாதத்தை அதுவும் சேர்த்தே உடைக்கிறது.

நாயகனின் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். 1971இல் எம்.ஜி.ஆர். மீண்டும் பரங்கிமலையில் வென்றார். 1972இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கியபோது அவர் பரங்கிமலை உறுப்பினர்தாம். புதிய கட்சியின் முதல் பெரிய வெற்றி 1973இல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் கிடைத்தது. அதன் பின் அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. 1977இல் அருப்புக்கோட்டை, 1980இல் மதுரை மேற்கு, 1984இல் ஆண்டிபட்டி. வீடு ராமாவரத்தில், தொகுதி தெற்கே. முதலமைச்சராக அவர் ஒருபோதும் இந்த ஊரின் பிரதிநிதியாக இருந்ததில்லை. பாட்டுடைத் தலைவன் விட்டுச் சென்ற பின்னும் ஊரின் வரலாறு அவனைப் பற்றியதாகவே இருக்க வேண்டுமென்பது என்ன நியதி?

1977, 1980 தேர்தல்களில் அ.தி.மு.க.வின் அப்துல் ரசாக், 1984இல் ஆபிரகாம். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தேர்தல்களில் சிறுபான்மைச் சமயத்தார் இருவரைப் பெரிய ஆரவாரமில்லாமல் இந்தத் தொகுதி தேர்ந்தெடுத்திருக்கிறது. வேறொரு நாட்டில் என்றால் இதைப் பற்றி ஒரு நூல் வந்திருக்கும். இங்கே இவ்விருவர் பெயரையும் சொல்லக் கேட்டால் ஊர்க்காரர்களிலேயே பலருக்கு நினைவு வராது. அந்தப் பதின்மூன்று பொதுத்தேர்தல்களில் வென்ற ஒரே பெண் 2001இல் பா. வளர்மதி. அதைப் பற்றியும் பேச்சில்லை.

2011க்குப் பின் நடந்தது இன்னும் வேடிக்கை. அ.தி.மு.க. கூட்டணியில் இருந்த தே.மு.தி.க. சார்பில் பண்ருட்டி ராமச்சந்திரன் நின்று வென்றார். பெயரிலேயே வேறொரு தொகுதியைச் சுமந்தவர் அவர். மூத்த அரசியல்வாதி, எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இருந்தவர். 2013 டிசம்பரில் கட்சியையும் சட்டமன்ற உறுப்பினர் பதவியையும் ஒருசேர விட்டார். தேர்ந்தெடுத்தவர்களுக்கு அவர் கூறவேண்டிய விளக்கம் ஒன்று இருந்ததாக எவரும் கருதவில்லை. 2014 ஏப்ரல் 24 அன்று நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தல் நடந்து அ.தி.மு.க. வென்றது. 2016இல் அதே பண்ருட்டி ராமச்சந்திரன் அ.தி.மு.க. வேட்பாளராக அதே ஆலந்தூரில் வந்து நின்றார். அதற்கு முந்தைய ஆண்டுதான், 2015 ஜூனில், சென்னையின் முதல் மெட்ரோ ரயில் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு ஓடத் தொடங்கியிருந்தது. நாட்டிலேயே கண்ணைப் பறிக்கும் வளர்ச்சிச் சின்னம் ஒன்று ஊரின் நடுவில் எழுந்து நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் அடையாறு கரை மீறி மணப்பாக்கம் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. வாக்காளர்கள் எதை எடைபோட்டார்கள் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. தி.மு.க.வின் தா.மோ. அன்பரசன் வென்றார், பண்ருட்டியார் தோற்றார். விட்டுச் சென்றவரைத் திருப்பி அனுப்பிய இந்தத் தீர்ப்பில் எந்த நட்சத்திர மயக்கம் இருக்கிறது?

இவையெல்லாம் இன்னும் மெய்க்கீர்த்திப் பகுதியிலேயே கிடப்பவைதாம். வென்றவர், தோற்றவர், கட்சி, கூட்டணி. கல்வெட்டின் கீழ்ப்பகுதிக்கு வருகிறேன்.

1990களின் நடுவில் ஆலந்தூர் நகராட்சியில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு கழிவுத் தொட்டி, லாரி வந்து உறிஞ்சிச் செல்லும், மழை வந்தால் தெருவில் மிதக்கும். 1996இல் நகராட்சித் தலைவரான ஆர்.எஸ். பாரதி காலத்தில் ஒரு திட்டம் தீட்டப்பட்டது. வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக இடங்களுக்கு 10,000 ரூபாய் முன்பணமாக மக்களே செலுத்துவது. மீதியைக் கடனாகவும் மானியமாகவும் திரட்டுவது. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் நிறுவனம் தன் முதலில் கட்டி நடத்திப் பின்னர் நகராட்சியிடம் ஒப்படைப்பது. ஒரு குழாய்கூடப் புதைக்கப்படாத நிலையில் ஐயாயிரம் ரூபாய் கொடு என்றால் எவர் கொடுப்பார்? குடியிருப்போர் சங்கங்கள் வீடு வீடாக ஏறி இறங்கின. தெருமுனைக் கூட்டங்கள் நடந்தன. பணம் சேர்ந்தது. சாக்கடை வந்தது. இன்று நகராட்சி நிர்வாகம் பற்றிய பாடங்களில் ஆலந்தூர் ஓர் எடுத்துக்காட்டாக இந்தியாவுக்கு வெளியேயும் பேசப்படுகிறது. நம் தொகுதி வரலாறுகளில் மட்டும் அதற்கு இடமில்லை. சாக்கடைக்கு ஒப்பனை கிடையாது அல்லவா.

இந்தத் திட்டத்தைப் புகழ்ந்து கும்மியடிக்க நான் இதைச் சொல்லவில்லை. அடிப்படைச் சேவைக்குக் குடிமக்களிடம் முன்பணம் வாங்குவது சரியா, ஐயாயிரம் ரூபாயைப் புரட்ட முடியாத வாடகைக் குடித்தனக்காரர் இதில் எங்கே நிற்கிறார், தனியாரிடம் சுத்திகரிப்பை ஒப்படைத்ததன் நீண்டகால விளைவு என்ன என்பவை கடுமையாக விவாதிக்க வேண்டிய கேள்விகள். இவை அரசியல் கேள்விகள். ஒரு புறநகர் வாக்காளர் உண்மையில் எதிர்கொண்ட அரசியல் இதுதான். 2001 மே மாதம் சட்டமன்றத் தேர்தலில் இவர்கள் அ.தி.மு.க.வுக்கு வாக்களித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், நகராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்த உள்ளாட்சித் தேர்தலில், மீண்டும் தி.மு.க.வின் பாரதியைத் தேர்ந்தெடுத்தார்கள். தொகுதியின் எல்லை நகராட்சியின் எல்லையைவிட அகன்றது. ஆகவே இரண்டும் அதே வாக்குகள் அல்ல என்பது சரியே. ஆனாலும் ஐந்து மாத இடைவெளியில் கோட்டைக்கு ஒரு கட்சி, நகர்மன்றத்துக்கு வேறு கட்சி என்று பிரித்தறிந்த வாக்காளர்கள் இங்கே இருந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. 'சினிமா பார்த்து வாக்களிக்கும் மந்தை' என்ற உங்கள் வாய்ப்பாட்டில் இந்த வாக்காளரை எங்கே வைப்பீர்கள்?

அந்த நகராட்சி இப்போது இல்லை. 2011இல் ஆலந்தூர் நகராட்சி விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டுப் பன்னிரண்டாவது மண்டலமாக ஆயிற்று. சாக்கடைக்காகத் தன் மக்களிடம் கணக்குக் கேட்டு, கணக்குக் கொடுத்து நின்ற ஒரு மன்றம் ஓர் அரசாணையில் மறைந்தது. இணைப்பால் நன்மையே இல்லை என்று வாதிடவில்லை. பெருநகரத்தின் குடிநீரும் வெள்ளவடிகாலும் நகராட்சி எல்லையோடு நிற்பவை அல்ல. ஆனால் இணைத்த பிறகு என்ன நடந்தது? மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். இடையே ஐந்தாண்டுகளுக்கும் மேலாக ஆலந்தூரில் எந்தத் தெருவுக்கும் மாமன்ற உறுப்பினர் என்று ஒருவர் கிடையாது. தனி அதிகாரிகளின் ஆட்சி. குப்பை அள்ளவில்லை என்று முறையிட மனுதான் எழுதவேண்டும், கேள்வி கேட்க ஆள் இல்லை. இந்த ஐந்தாண்டுகளைப் பற்றி எத்தனை கட்டுரை எழுதினோம்? உத்திரமேரூர்க் குடவோலையைப் பற்றி மேடைதோறும் மார்தட்டுகிறோம். அந்த உத்திரமேரூரிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் உள்ள ஊரில் வார்டுத் தேர்தல் அரை பத்தாண்டுக் காலம் நடக்காமலிருந்தது நம் பெருமிதத்தைச் சற்றும் கீறவில்லை.

இன்னுமொன்று, இதைவிட மறைவானது. தொகுதி எல்லைகள். 1977 முதல் 2006 வரை ஆலந்தூரும் தாம்பரமும் 1971ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி வரையப்பட்ட கோடுகளுக்குள் வாக்களித்தன. 1976இல் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மறுவரையறையை உறைய வைத்தது. அந்த முப்பது ஆண்டுகளில்தான் சென்னையின் தெற்கே ஏரிகள் மனைகளாயின, வயல்கள் நகர்களாயின, ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டின. 2008 மறுவரையறை 2001 கணக்கை வைத்துக் கோடுகளை மாற்றியது. பல்லாவரம், சோழிங்கநல்லூர், வேளச்சேரி, மதுரவாயல் எனப் புதிய தொகுதிகள் பிறந்தன. ஆனால் புறநகர் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. 2021 தேர்தலின்போது சோழிங்கநல்லூர்த் தொகுதியின் வாக்காளர்கள் ஏறத்தாழ 6.9 லட்சம் பேர். நகரின் நடுவிலிருந்த துறைமுகம் தொகுதியில் 1.76 லட்சம் அளவுதான். இரண்டுக்கும் ஓர் உறுப்பினர், ஒரே தொகுதி மேம்பாட்டு நிதி, சட்டமன்றத்தில் ஒரே ஓர் ஓட்டு. அதாவது துறைமுகத்து வாக்காளரோடு ஒப்பிட்டால் சோழிங்கநல்லூர் வாக்காளருக்கு இருந்தது ஏறக்குறைய கால் ஓட்டு.

நாடாளுமன்றத்தில் தென்மாநிலங்களின் பங்கு குறையக் கூடாது என்று உரக்கப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான், அந்தக் கோரிக்கையில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டை நிறைவேற்றிய மாநிலத்தைத் தண்டிப்பது அநியாயம். ஆனால் மாநிலத்துக்குள் ஒரு தொகுதியின் வாக்கு இன்னொரு தொகுதியின் வாக்கில் கால் பங்காகச் சுருங்குவது எந்தக் குடும்பக் கட்டுப்பாட்டின் விளைவும் அல்ல. வேலை தேடியும் வாடகை குறைந்த இடம் தேடியும் வந்தவர்களின் வாக்கு அது. இதைப் பேசினால் ஓட்டு விழாது, கைதட்டலும் கிடைக்காது. மேடையில் பேசாதவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுதுகிறவர்கள் ஏன் எழுதவில்லை என்பதே என் கேள்வி.

ஏன் எழுதவில்லை என்று யோசித்தால், படித்தவர்களாகிய நமக்கு இந்த மெய்க்கீர்த்தி மிக வசதியானது என்றே தோன்றுகிறது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி இமேஜ் ட்ராப்' முக்கியமான நூல். எம்.ஜி.ஆர். ஆட்சியால் பெரிதாகப் பயனடையாத ஏழைகள் ஏன் அவரை அவ்வளவு ஆழமாக ஆதரித்தார்கள் என்ற கேள்வியை அது நேர்மையாகக் கேட்டது. மாநிலம் முழுவதையும் நோக்கிய அந்தக் கேள்வியை நாம் கையிலெடுத்து, விடையை மட்டும் ஒரு முத்திரையாக்கி, ஒவ்வோர் ஊரின் நெற்றியிலும் குத்திக்கொண்டு போகிறோம். பாண்டியன் உழைத்துச் சேர்த்த சான்றுகளின் நிழலில் உழைக்காத நம் ஏளனம் இளைப்பாறுகிறது. ஊர் என்ற அலகில் நின்று பார்த்தால் கேள்வியே மாறுகிறது என்பதற்கு ஆலந்தூரின் 1984 ஒன்றே போதும்.

இன்னொரு மறுப்பும் வரும், அதையும் முன்கூட்டியே எதிர்கொள்கிறேன். 'சாக்கடையும் வார்டும் வாக்காளர் பட்டியலும் இலக்கிய வாசகருக்கு எதற்கு?' புறநகர் வாழ்க்கையைப் பற்றிய கதைகளைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும் பெண், முடிவுறாத வீட்டுக்கடன், மின்சார ரயிலில் தொங்கும் குமாஸ்தா என்று நம் நவீன உரைநடையின் பாதி புறநகரில்தான் குடியிருக்கிறது. ஆனால் கதைக்குள் அந்தத் தண்ணீர் வராததற்கு விதி காரணமாக இருக்கும், நகரம் என்ற அரூபம் காரணமாக இருக்கும். நகர்மன்றத் தீர்மானம் ஒருபோதும் காரணமாக இருக்காது. பாத்திரங்கள் வாக்களிப்பதே இல்லை. வாக்களித்தாலும் அது கேலிச்சித்திரமாக ஒரு பத்தியில் வந்து போகும். அந்தத் தெருவில் ஒரு குடியிருப்போர் சங்கம் உண்டு, அதற்கொரு செயலாளர் உண்டு, அவர் கையில் ரசீதுப் புத்தகம் உண்டு, ஐயாயிரம் ரூபாய்க்காக அவர் ஏறி இறங்கிய படிகள் உண்டு என்பது நம் கலைப் பிரக்ஞைக்குள் நுழையவே இல்லை.

செய்யக்கூடிய வேலைகள் கண்முன் இருக்கின்றன. ஒவ்வொரு தேர்தல் முடிவும் வாக்குச்சாவடி வாரியாகப் படிவம் 20இல் பதிவாகிறது. கையில் கிடைக்கும் ஆண்டுகளுக்கு அதை எடுத்து, ஆலந்தூரின் எந்தத் தெரு எந்த ஆண்டு எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்க்கலாம். நகர்மன்றத்தின் பழைய தீர்மானப் புத்தகங்கள் இணைப்புக்குப் பிறகு எந்த அறையில் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன என்று மண்டல அலுவலகத்தில் கேட்கலாம். 1996க்கும் 2001க்கும் இடையில் ரசீதுப் புத்தகத்தோடு தெருத்தெருவாக நடந்தவர்கள் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அவர்களைச் சந்தித்து ஒலிப்பதிவு செய்ய ஒரு கைப்பேசி போதும். முதலில் பணம் கொடுத்தவர் யார், கடைசிவரை கொடுக்க மறுத்தவர் யார், மறுத்தவர் சொன்ன காரணம் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.